தலையில் கட்டிய பற்றறி

என் மனைவியும் அவளுடைய தங்கையும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தரைக்குத் தொலைபேசியில் கதைப்பார்கள். நாங்கள் வெள்ளவத்தை, அவர்கள் கொட்டாஞ்சேனை. நடுவில் ஒரு பஸ் பயணம்தான், ஆனாலும் கதை ஓயாது. பேலியகொடையில் என்ன மீன் மலிவு, எந்த டொக்டர் கனக்க மருந்து எழுதுகிறார், எந்தச் சட்டைக்கு எந்தத் துணியில் உட்புறம் தைப்பது. நான் வேலையால் வந்து தேத்தண்ணிக்காகக் குந்திக்கொண்டிருப்பேன். "கொஞ்சம் பொறுங்கோ, வைக்கப்போறன்" என்பாள். வைக்கமாட்டாள். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தக் கதை ஒன்றரை மாதம், ஆறு கிழமை, நின்றுபோனது. காரணம் ஒரு செத்த பற்றறி என்று நான் அப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கையின் கணவர் என் சகலன். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருக்கு வேலை இடத்தில் வான் வண்டி கொடுத்ததும் தன்னுடைய மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றார். எட்டு வருடம் ஓடிய சைக்கிள், ஆனால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். கையளித்த அன்று ஒழுங்கைக்குள் நிறுத்தி, எண்ணெய் மாற்றுவது, சங்கிலி இறுக்குவது என்று கால் மணித்தியாலம் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். நான் எங்களுடைய தொடர்மாடியில் இதை எங்கே நிறுத்துவது, கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்லுவார் என்று யோசித்துக்கொண்டு "சரி, சரி" என்றேன்.

வாங்கிய கிழமையே கிருலப்பனையில் ஒரு கராஜில் சேர்விஸுக்கு விட்டேன். மெக்கானிக் சிங்களவர், நல்ல மனிதர். சீற்றைத் தூக்கி உள்ளே விரலால் காட்டி நீளமாக ஏதோ கேட்டார். என்னுடைய சிங்களத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கொழும்புக்கு வந்து முப்பது வருடமாகிறது. பஸ்ஸில் இறங்க, மரக்கறி விலை கேட்க, பொலிஸ் மறித்தால் விலாசம் சொல்ல அது போதும். வசனம் கொஞ்சம் நீண்டால் தலையை ஆட்டி "ஹரி, ஹரி" என்பேன். ஹரி என்றால் சரி. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான். என்னோடு வேலை செய்கிற எங்களுடைய ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். மெக்கானிக்குக்கும் "ஹரி, ஹரி" என்றேன். அவரும் சந்தோஷமாகச் சாவியைத் தந்தார்.

இரண்டாவது கிழமையே காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கியது. பட்டனை அமத்தினால் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. உதைத்து எடுக்கக் கிக்கர் இல்லாத மாடல். கீழ்வீட்டுக்காரரும் நானும் தள்ளித் தள்ளி எடுத்தோம். நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: சாகப்போகிற பற்றறியோடு எனக்கு விற்றுவிட்டார்.

சகலனின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. மனைவி பரிசோடு ஓட்டோவில் முதலே போய்விட்டாள். கேக் எடுத்து வருவது என் பொறுப்பு. மருதானையில் பேக்கரிக்கு முன்னால் நிறுத்தி, கேக்கை வாங்கிக்கொண்டு வந்து பட்டனை அமத்தினேன். செத்துக் கிடந்தது. நல்ல வெயில். பஸ்காரன்களின் ஹோர்னும் பேச்சும் வேறு. ஒரு கையில் கேக் பெட்டி, மற்றக் கையால் சைக்கிள். மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை தள்ளினேன். புதுச் சேட் முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு சந்தியிலும் சகலனை மனதுக்குள் ஒருமையில் திட்டினேன்.

வீட்டு விறாந்தையில் இருபது பேர் இருந்திருப்பார்கள், எல்லோரும் சொந்தக்காரர். சகலன் ஓடிவந்து கேக்கை வாங்கினார்.

"என்னண்ணை, இப்பிடி நனைஞ்சுபோய் வாறியள்?"

"உம்மட செத்த சாமானை என்ர தலையில கட்டிப்போட்டீர் எல்லோ. அதைத்தான் தள்ளிக்கொண்டு வாறன்."

அவர் முகம் கறுத்துப்போனது. "பற்றறி புதுசண்ணை. நான்தான் போட்டுத் தந்தனான்" என்றார், சத்தம் இல்லாமல்.

"ஓம் ஓம், புதுசுதான். உம்மட கலியாணத்துக்கு வாங்கின புதுசாக்கும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. வெயிலில் பட்டதற்கு அது கூலி மாதிரி இருந்தது. மனைவியின் தங்கை, என் மச்சாள், மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேக்கை வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், சகலன் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார்.

அடுத்த நாள் ஐந்தரைக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஆறு மணிக்கு மனைவி எடுத்தாள். "வேலையா இருக்கிறன் அக்கா" என்று தங்கை வைத்துவிட்டாள். மூன்று நாள் அதே பதில். நான்காம் நாள் மனைவியும் எடுக்கவில்லை. போனைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுச் சமைப்பாள், இடைக்கிடை அதைப் பார்ப்பாள். எனக்கு இப்போது தேத்தண்ணி நேரத்துக்குக் கிடைத்தது. ஒரு நாள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்கட வாயால என்ர தங்கச்சியை இல்லாமப் பண்ணிப்போட்டியள்."

"நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்று பாய்ந்தேன். நான் சொன்னது சரி என்றே நம்பினேன். அதனால் கோபமும் குறையவில்லை. சைக்கிளை ஒரு மூலையில் நிறுத்திவிட்டுப் பழையபடி பஸ்ஸில் போனேன். புதுப் பற்றறி போடவும் மனமில்லை. அது செத்துக் கிடக்கும்வரை என் பக்கம் சாட்சி இருக்கிறது என்ற மாதிரி ஒரு விசர் எண்ணம்.

கடைசியில் மனைவிதான் பொறுமை இழந்தாள். "ஒரு பற்றறியைப் போட்டு அந்தச் சனியனை வித்துத் துலையுங்கோ. அது உதில நிக்குமட்டும் உங்கட கோவமும் நிக்கும்."

அப்படித்தான் பற்றறி தெரிவுசெய்யத் தொடங்கினேன். கோதாரி, இந்த ஊரில் கலியாணத்துக்குப் பெண் பார்ப்பதற்குக்கூட இவ்வளவு பேர் புத்தி சொல்லமாட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் ஐந்து அம்பியர் போதாது, ஒன்பது போடு என்றார். கீழ்வீட்டுக்காரர் அசிட் ஊற்றுகிற பற்றறிதான் நெடுங்காலம் உழைக்கும், மூடின பற்றறியை நம்பாதே என்றார். அலுவலக வாசலில் நிற்கிற ஓட்டோக்காரர் இதற்கு நேர்மாறு. வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் நான் மாடலைச் சொல்லி முடிக்கமுதல் ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். எனக்கு அவசரப்படுத்தினால் பிடிக்காது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு பழைய பற்றறியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மருதானைக்குப் போனேன். அங்கே ஒரு சந்துக்குள் பற்றறி மட்டுமே விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் முஸ்லிம், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதிருக்கும். அவசரமே இல்லாத மனிதர். நான் புதுப் பற்றறி வேண்டும் என்றேன். அவர் அதைக் காதில் போடாமல் பழையதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன லேபலை விரலால் தேய்த்துத் துடைத்தார்.

"இது புதுசு தானே" என்றார்.

"புதுசோ? ஸ்டார்ட்டே எடுக்குதில்லை."

"இந்தா பாருங்க. விக்கிற நாளைக்கு நாங்க இதுல மாசத்தயும் வருசத்தயும் கீறிக் குடுக்குற. கீறி ஈக்கி."

கீறியிருக்கிறது என்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சைக்கிள் என் கைக்கு வந்த மாதத்துக்கு முந்திய மாதம். இந்த லேபல் பற்றறியின் உட்பக்கமாகத் திரும்பியிருந்ததால் நான் காணவில்லை. காண முயலவும் இல்லை. சகலனின் குரல் காதுக்குள் கேட்டது. இருந்தாலும், சரி, புதிது என்று மட்டமான ஒன்றை வாங்கிப் போட்டிருப்பார் என்று மனம் உடனே வேறு பக்கம் ஓடியது.

"இப்ப உங்களுக்குப் புதுசு தந்தா அதும் ரெண்டு மாசத்துல சாகும்" என்றார் நானா. "இத நான் இராவைக்கு சார்ஜ்ல போடுறன். ஒரு தரம் ஸ்டார்ட் எடுக்க அது போதும். நாளைக்கு வந்து எடுத்து மாட்டிட்டு, பைக்கோட வாங்க."

விற்க வந்த சாமானை விற்கமாட்டேன் என்கிற கடைக்காரரை அன்றுதான் கண்டேன். எரிச்சல் வந்தது, ஆனாலும் அவர் சொன்னபடி செய்தேன். அடுத்த நாள் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திச் சாவியைக் கழற்றினேன். நானா சீற்றைத் தூக்கி, பற்றறி வயரில் ஒன்றைக் கழற்றி நடுவில் மீற்றரைக் கொளுவினார். முள் அசைந்தது.

"சாவி உங்கட கையில ஈக்கி. பைக் ஓஃப். அப்பிடியிருந்தும் என்னமோ ஒண்டு கரண்ட் குடிக்குது."

ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனார். பின் சில்லுக்கு மேலே, ஒரு மூலையில், தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று. கள்ளன் தொட்டால் கத்துகிற அலாரம். பழசாகிப் பழுதாகி, கத்துவதற்குப் பதிலாக இரவு பகலாகப் பற்றறியைக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் போகிற வயரில் ஓரிடம் பளபளவென்று புது ஒட்டுநாடா சுற்றியிருந்தது.

"இத ஆரோ முந்திக் கழட்டி உட்டு ஈக்கி. பொறகு ஆரோ திரும்ப மாட்டி ஈக்கி" என்றார் நானா.

யாரென்று எனக்கு உடனே தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. நேரே கிருலப்பனைக்குப் போய் அந்த மெக்கானிக்கின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று கை துடித்தது. நானா என்னைப் பிடித்து உட்காரவைத்து, அலாரம் வயரை வெட்டி, முதலில் பற்றறி அலுவலை முடித்தார். பழையது பலமுறை அடியோடு இறங்கியதால் இனிச் சரிவராது. மூன்று வகைப் பற்றறியை மேசையில் வைத்தார். ஒன்பது அம்பியர் பற்றறி வைக்கிற தட்டுக்குள் இறங்காது, இறங்கினாலும் வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டியில் இருக்கிற என் அலுவலகத்துக்கும் ஓடுகிற ஓட்டத்தில் அது ஒருநாளும் நிரம்பாது என்றார். அசிட் பற்றறிக்குத் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். "நீங்க பாக்குற ஆளாத் தெரியல்ல" என்றார், என் முகத்தை நேரே பார்த்து. மிஞ்சியது மூடின பற்றறி, ஐந்து அம்பியர். அதிலும் இரண்டு இருந்தன. கடையில் கனநாள் கிடந்ததைத் தள்ளிவிட்டுக் கிட்டடியில் வந்ததைத் தந்தார். பட்டனை அமத்தினேன். ஒரே பிடியில் எடுத்தது.

கிருலப்பனையில் மெக்கானிக் வேறு ஒரு சைக்கிளுக்கு அடியில் படுத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கொட்டியது. அவர் எழும்பிக் கையைத் துடைத்துவிட்டு, அன்றைக்கு மாதிரியே சீற்றைத் தூக்கி விரலால் காட்டினார். இந்த முறை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி, அன்றைக்குக் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டார். "வயர் எக்க கஹன்னத, நிக்கங் தியன்னத?" வயரைக் கொளுவவா, சும்மா விடவா?

அதற்கு நான் சொன்ன பதில் "ஹரி, ஹரி".

அவரும் அதைச் சொல்லிக் காட்டினார், என் தலையாட்டலோடு சேர்த்து. கராஜில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மூக்கு உடைந்துபோனது. இரண்டில் எது என்று கேட்டதற்குச் சரி என்று சொன்ன மனிதனை அவர் என்ன செய்வார்? கொளுவச் சொன்னதாக எடுத்துக் கொளுவியிருக்கிறார். சமாவெண்ட, மன்னித்துக்கொள்ளுங்கள், என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லையாவது பிழையில்லாமல் சொன்னேன்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மனைவிக்குச் சொல்லவில்லை. சகலன் மட்டும்தான் வீட்டில் நின்றார். "வாங்கோ" என்று கதிரையைக் காட்டினார். நான் கதவைச் சாத்திவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அலாரம், வயர், ஹரி, எல்லாம். அவர் கேட்டுவிட்டு எழும்பி, அலுமாரி இலாச்சியைத் திறந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பற்றறிக்குத் தருகிற உத்தரவாத அட்டை. என்னுடைய லேபலில் இருந்த அதே மாதம்.

"அந்த வயரை நான்தான் கழட்டி விட்டனான்" என்றார். "அதைக் கொளுவாதேங்கோ, பற்றறி இறங்கும் எண்டு சாவி தரேக்க உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் சரி சரி எண்டனீங்கள்."

சிங்களத்தில் விளங்கவில்லை என்றாவது சாக்குச் சொல்லலாம். இது என்னுடைய மொழியில், என் முகத்துக்கு நேரே சொன்னது. நான் கீழ்வீட்டுக்காரரைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அண்டைக்கு உந்த அட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாமே? என்ர வாய் மூடியிருக்கும்."

"பிள்ளையின்ர பிறந்தநாள், அண்ணை."

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. பிழை என்னுடையது, மனதில் வைத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் அட்டையைத் திரும்பவும் கையில் எடுத்து ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருவது பேருக்கு முன்னால சொன்னனீங்கள். இப்ப கதவைச் சாத்திப்போட்டு எனக்குச் சொல்லுறியள். எல்லாரும் இண்டைக்கும் என்னை ஏமாத்துக்காரன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். என்ர மனிசிக்கு அதுதான் தாங்கேல்லை."

நான் எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் சைக்கிள் நன்றாக ஓடியது.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் புது வீட்டுக்குக் குடிபூரல் வைத்தார். மொட்டை மாடியில் பந்தல் போட்டு, வாழையிலை போட்டுப் பந்தி. பிறந்தநாளுக்கு வந்த அதே ஆட்கள். பரிமாறுவது எங்களைப் போன்ற சொந்தக்காரர்தான். என் கையில் ரசவாளி, மனைவி கையில் அப்பளத் தட்டு. சகலன் முதல் வரிசையில், மச்சாள் எதிர் வரிசையில். இரண்டு சகோதரிகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சகலனின் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியை நிலத்தில் வைத்தேன்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அண்டைக்குப் பிறந்தநாள் வீட்டில இவர் செத்த பற்றறியை என்ர தலையில கட்டினவர் எண்டு சொன்னனான். அது பொய். இவர் புதுசு போட்டுத்தான் தந்தவர். சொன்னதைக் கேளாமல் அதைச் சாகடிச்சது நான்."

ஒரு பெரியவர் சோற்றைப் பிசைந்தபடி, "என்ன தம்பி, சாப்பாட்டுக்குள்ள பற்றறி?" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இந்த முறை என் தலையில் விழுந்தது, விழட்டும் என்று நின்றேன். சகலன் நிமிரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "ரசத்தை விடுங்கோ அண்ணை, சோறு ஆறுது" என்றார். விட்டேன். இலைக்கு வெளியேயும் கொஞ்சம் சிந்தியது.

எதிர் வரிசையில் மச்சாள் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, எச்சில் கையோடு என் மனைவியிடம் போனாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஆறு கிழமைக்குப் பிறகு அவள் அக்காவோடு கதைத்தது எனக்கு முழுக்கக் கேட்டது.

"அக்கா, எனக்குக் கழுத்தில ஒரு கட்டி. ஸ்கான் எடுத்தனான். போன கிழமை ஊசியால குத்தி எடுத்தவை. றிப்போட் இன்னும் வரேல்லை."

"எப்ப தொடக்கம்?"

"ஒரு மாசம்."

"ஆரோட போனனீ?"

"தனியத்தான். பஸ்ஸில. இவருக்கும் சொல்லேல்லை. உனக்குச் சொல்லாமல் நான் ஆருக்குச் சொல்லுறது?"

மனைவி அப்பளத் தட்டை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அவளுடைய எச்சில் கையைப் பிடித்துக்கொண்டாள். றிப்போட் அடுத்த கிழமை வந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அது அடுத்த கிழமை. அந்த நேரம் பந்தியின் கடைசியிலிருந்து யாரோ ரசம், ரசம் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்டது. வாளியைத் தூக்கக் கை வரவில்லை.